400 மீட்டர் ரிப்பீட் எந்த வேகத்தில் ஓட வேண்டும்? ஆறு ரவுண்டுக்கு மேல் முடியவில்லை

தரமணி_ரன்னர் · ஜூன் 8, காலை 8:15

எல்லோருக்கும் வணக்கம். வயது 36, ஓட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. வாரத்துக்கு 40 கி.மீ. வரை ஓடுகிறேன். போன ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் 2 மணி 4 நிமிடம். அதே மாதம் டிராக்கில் தனியாக ஓடிப் பார்த்த 5 கி.மீ. 24:10. வரும் ஜனவரியில் அரை மாரத்தானை 1:50க்குள் முடிக்க ஆசை.

அதற்காக ஏப்ரலிலிருந்து வாரம் ஒரு நாள் 12 × 400 மீட்டர் ஓடுகிறேன். ஒவ்வொன்றும் 95 விநாடியில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எங்கள் குழுவில் நன்றாக ஓடும் இரண்டு பேர் அந்த நேரத்தில்தான் ஓடுகிறார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டேன். நடுவில் மூன்று நிமிடம் நின்று மூச்சு வாங்குவேன்.

இந்த வாரம் வந்த கணக்கு: 94, 95, 97, 101, 108, 113. ஏழாவது ரவுண்டில் முதல் வளைவு முடிவதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். போன வாரமும் இதே கதைதான். இப்போது வலது காலில், ஆடுசதைக்கு முன்பக்கம் எலும்பை ஒட்டிக் கொஞ்சம் வலியும் இருக்கிறது.

ஒன்றரை மாதமாக விடாமல் செய்தும் 12 ரவுண்டை ஒரு நாள்கூட முடித்ததில்லை. எனக்குச் சரியான வேகம் எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஜூன் 8, காலை 9:40

நண்பரே, முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 400 மீட்டருக்கு 95 விநாடி என்றால் கி.மீ.க்கு 3:57. அது 5 கி.மீ.யை 20 நிமிடத்துக்குக் கிட்டத்தில் ஓடுபவருக்கான இன்டர்வெல் வேகம், அதாவது நடுவில் சின்ன ஓய்வு விட்டு மறுபடி மறுபடி ஓடும் பயிற்சிக்கான வேகம். உங்கள் 5 கி.மீ. 24:10, அதாவது கி.மீ.க்கு 4:50. உங்களைவிட நான்கு நிமிடம் முன்னால் ஓடுபவரின் பயிற்சியை நீங்கள் செய்கிறீர்கள். ஆறு ரவுண்டு தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

ஜாக் டேனியல்ஸ் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் போட்டு வைத்த 'விடாட்' அட்டவணையை நிறையப் பேர் பயன்படுத்துகிறோம். அண்மையில் ஓடிய ஒரு பந்தயத்தின் நேரத்தைக் கொடுத்தால், பயிற்சிக்கான வேகங்கள் எல்லாம் அதிலிருந்து கிடைத்துவிடும். உங்கள் 24:10க்கு விடாட், அதாவது ஓட்டத் திறனைக் காட்டும் எண், ஏறக்குறைய 40. அதற்கு வருவது இது:

த்ரெஷோல்ட், அதாவது ஒரு மணி நேரம் முழுக்கப் பந்தயமாக ஓடினால் தாங்கக்கூடிய வேகம்: கி.மீ.க்கு 5:06. 400க்கு 122 விநாடி.
இன்டர்வெல்: கி.மீ.க்கு 4:42. 400க்கு 112 விநாடி.
ரிப்பிட்டிஷன், முழு ஓய்வு எடுத்துக்கொண்டு ஓடும் குட்டை ஓட்டம்: 400க்கு 106 விநாடி.

உங்களுக்கான மிக வேகமான பயிற்சியே 106 என்கிறது அட்டவணை. நீங்கள் அதைவிட 11 விநாடி குறைவாக, அதுவும் 12 தடவை ஓடப் பார்க்கிறீர்கள்.

அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் ஒரு குறுக்குவழி உண்டு. 20 முதல் 25 நிமிடத்துக்குள் 5 கி.மீ. ஓடுபவர்களுக்கு, 5 கி.மீ. வேகத்தோடு கி.மீ.க்கு 15 முதல் 17 விநாடி கூட்டினால் த்ரெஷோல்ட். 5 முதல் 8 விநாடி கழித்தால் இன்டர்வெல். நான் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன், சரியாக வருகிறது.

---

பழைய_ஸ்பைக்ஸ் · ஜூன் 8, பகல் 12:05

நான் கல்லூரிக் காலத்தில் 800, 1500 ஓடியவன். இப்போது திருச்சியில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இந்த அட்டவணை எதுவும் தெரியாமல்தான் நாற்பது வருடம் ஓடியது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெதுவாகவே ஓடிப் பழகினால் கால் மெதுவாகத்தான் போகும். வாரத்தில் ஒரு நாளாவது கால் முழுதாக விரிந்து, முட்டி உயர்ந்து ஓட வேண்டும். 112 விநாடியில் 400 ஓடும்போது அது நடக்காது. தம்பி ஓடும் நேரத்தை ஒரேயடியாகத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். தூரத்தைக் குறைத்து 200 ஆக்கிவிட்டால் அதே வேகம் அவருக்கும் வரும்.

---

வைகைக்கரை · ஜூன் 8, மாலை 4:30

தம்பி, முதலில் அந்தக் கால். எலும்பை ஒட்டி நீளமாக வலிக்கிறதா, அல்லது ஒரு விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுளீர் என்கிறதா? புள்ளியில் வலித்தால் ஒரு நாள்கூட ஓடாதீர்கள், எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள். வேகம் பற்றியெல்லாம் அப்புறம் பேசலாம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் நானும் இந்த வழியாகத்தான் வந்தேன். 41 வயதில் ஓட ஆரம்பித்தேன், இப்போது 48. இரண்டாம் வருடம் என்னைவிடப் பத்து வயது இளைய பெண்களோடு சேர்ந்து, அவர்கள் வேகத்தில் 800 ஓடினேன். நான்காவது வாரம், மூன்றாவது 800, கடைசி நேர்கோடு. யாரோ பின்னாலிருந்து ஆடுசதையில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. தசைநார் கிழிந்திருந்தது. ஏழு வாரம் நடை மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் கடிகாரத்தைவிட மூச்சை நம்புகிறேன். என் வழி இது. ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்வேன். 'ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு' என்று நான்கைந்து வரி தொடர்ந்து வந்தால் அது ஈஸி ஓட்டம். ஒரு வரிக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டால் த்ரெஷோல்ட். 'மூவேழு' என்று ஆரம்பித்து 'இருபத்தொண்ணு' வருவதற்குள் மூச்சு வாங்கினால் இன்டர்வெல். வாயே திறக்க முடியவில்லை என்றால், 400 பயிற்சியில் முதல் ரவுண்டிலேயே அப்படி இருந்தால், வேகம் அதிகம். உடனே குறைத்துவிடுவேன்.

---

தரமணி_ரன்னர் · ஜூன் 8, இரவு 9:50

கோவை அண்ணா, ஸ்பைக்ஸ் ஐயா, வைகைக்கரை அக்கா, மூவருக்கும் நன்றி. அக்கா, வலி நீளமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இந்த வாரமே காட்டிவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். 112 விநாடியில் ஓடினால் எனக்கு 12 ரவுண்டும் வந்துவிடும் என்று தோன்றுகிறது. கஷ்டமே இல்லாமல் முடிந்தால் அது எப்படிப் பயிற்சி ஆகும்? வேகமாக ஓடித் திணறினால்தானே உடம்பு பழகும்?

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஜூன் 9, காலை 7:20

நானும் இதே கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் வீணாக்கியிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்டர்வெல் பயிற்சி எதற்கு? உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள முடியுமோ, அந்த எல்லைக்குப் பக்கத்தில் முடிந்த அளவு நேரம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நோக்கம். நின்ற இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தால் அந்த எல்லையைத் தொடவே கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் ஆகும். அதனால்தான் 800, 1000 மீட்டர் என்று மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரும் ரிப்பீட்டுகளை இதற்கு வைக்கிறார்கள்.

400 ஓடலாம். ஆனால் நடுவில் ஓய்வு சின்னதாக இருக்க வேண்டும், ஒன்றரை நிமிடத்துக்குள், அதுவும் மெதுவாக ஜாக் (மெல்லோட்டம்) செய்துகொண்டே. அப்போதுதான் முன் ரவுண்டில் ஏறியது முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது தொடங்கும். நீங்கள் மூன்று நிமிடம் நிற்கிறீர்கள். ஏறியது அத்தனையும் இறங்கிவிடுகிறது. அடுத்த ரவுண்டில் மறுபடியும் அடியிலிருந்து ஏற ஆரம்பித்து, எல்லையைத் தொடுவதற்குள் 400 முடிந்துவிடுகிறது. கால் மட்டும் கெட்டுப்போகிறது. உங்களுக்கு வந்த திணறல் உண்மைதான், ஆனால் எந்த உறுப்பைப் பழக்க நினைத்தீர்களோ அதற்கு வேலை போய்ச் சேரவில்லை. எல்லையைத் தொட 112 போதும் என்னும்போது 95இல் ஓடிக் கூடுதலாகக் கிடைப்பது களைப்பு மட்டும்தான்.

அளவும் உண்டு. ஒரே நாளில் இன்டர்வெல் வேகத்தில் ஓடும் மொத்தத் தூரம் வார ஓட்டத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது டேனியல்ஸ் கணக்கு. உங்கள் 40 கி.மீ.க்கு 3.2 கி.மீ., அதாவது எட்டு 400. பன்னிரண்டு என்பதே உங்களுக்கு அதிகம்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 5 கி.மீ. 24:10 ஓடுபவருக்கு அட்டவணை சொல்லும் அரை மாரத்தான் நேரம் சுமார் 1:51. நீங்கள் ஓடியது 2:04. பதின்மூன்று நிமிட இடைவெளி! நீங்கள் இலக்காக வைத்திருக்கும் 1:50 உங்கள் கால் வேகத்துக்கு ஏற்கெனவே எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இல்லாதது தாக்குப்பிடிக்கும் சக்தி. உங்களுக்கு வேண்டியது 400 ரிப்பீட்டே இல்லை. த்ரெஷோல்ட் ஓட்டமும் நீண்ட ஓட்டமும் வாரக் கிலோமீட்டரும்தான்.

---

ஆறாம்_லேன் · ஜூன் 9, காலை 10:10

எல்லோரும் விநாடி சொல்கிறீர்கள், மீட்டரை யாரும் கேட்கவில்லையே. 400 மீட்டர் என்பது முதல் லேனுக்கு மட்டும்தான். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். ஒரு லேன் வெளியே தள்ளினால் ரவுண்டுக்கு 7.67 மீட்டர் கூடும். எங்கள் ஸ்டேடியத்தில் காலையில் நடப்பவர்கள் முதல் மூன்று லேனையும் எடுத்துக்கொள்வார்கள், நான் ஆறாவதில் ஓடுவேன். அங்கே ஒரு ரவுண்டு 438 மீட்டர். 112 விநாடி வேகத்தில் ஓடினாலும் 122, 123 என்றுதான் காட்டும். இது தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுவதும் உடம்பு சரியில்லையோ என்று ரத்தப் பரிசோதனைவரை போய்வந்தேன்.

பள்ளி மைதானமாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சுண்ணாம்புக் கோடு போட்டவர் எந்த அளவில் போட்டாரோ. பல மைதானங்கள் 200, 300 மீட்டர்தான். ஒரு தடவை டேப் பிடித்து அளந்துவிட்டால் நிம்மதி.

அப்புறம், கையில் கட்டிய ஜி.பி.எஸ். கடிகாரம் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகத்தை டிராக்கில் பார்க்காதீர்கள். வளைவில் அது தடுமாறும். கோட்டைத் தாண்டும்போது லேப் பட்டனை அழுத்துங்கள், அந்த எண் மட்டும்தான் உண்மை. 100 மீட்டருக்கு ஒரு தடவை நேரம் பார்த்தால் இன்னும் நல்லது. 112 வேண்டும் என்றால் முதல் 100 மீட்டர் 28. பெரும்பாலோர் அங்கே 24இல் இருப்பார்கள்.

---

நாடித்துடிப்பு · ஜூன் 9, மாலை 6:45

இதய வேகம் பார்க்கும் பட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 400 மீட்டரில் இதயத் துடிப்பை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. துடிப்பு காலுக்குப் பின்னால்தான் வரும், அது ஏறி முடிவதற்குள் ரவுண்டு முடிந்துவிடும். 'இன்னும் 165தான் இருக்கிறது' என்று நினைத்து வேகத்தைக் கூட்டினால் அவ்வளவுதான்.

ஆனால் ஓய்வு எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குத் துடிப்பு நன்றாக உதவும். 1930களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், ரெய்ண்டெல் என்ற இதய மருத்துவரோடு சேர்ந்து இன்டர்வெல் முறையையே இப்படித்தான் வகுத்தார். ஓட்டத்தில் துடிப்பு 180 வரை ஏறலாம், ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் ஓடியது அதிக வேகம், அல்லது அன்றைக்கு அது போதும் என்று அர்த்தம். அவரிடம் பயின்ற ரூடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1:46.6இல் ஓடினார், உலக சாதனை. இன்று எல்லோருக்கும் 180, 120 என்ற அதே எண்கள் பொருந்தாது, வயதுக்கு ஏற்ப மாறும். ஆனால் துடிப்பு இறங்க ரவுண்டுக்கு ரவுண்டு அதிக நேரம் எடுத்தால் அது எச்சரிக்கை. என் அனுபவத்தில் விநாடி கெடுவதற்கு இரண்டு ரவுண்டு முன்பே இது காட்டிக்கொடுத்துவிடும்.

---

பழைய_ஸ்பைக்ஸ் · ஜூன் 9, இரவு 8:30

கோவைத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். அரை மாரத்தான் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 24:10 ஓடுபவருக்கு 2:04 என்பது பெரிய இடைவெளிதான்.

இந்த விஷயத்தில் எங்கள் கோச் அடிக்கடி சொன்ன ஒரு கதை உண்டு. ரோஜர் பானிஸ்டர், ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு, 3:59.4. அவருடைய முக்கியப் பயிற்சி என்ன தெரியுமா? பத்து முறை 440 யார்டு, அதாவது கால் மைல், நடுவில் இரண்டு நிமிடம். நான்கு நிமிட மைலுக்கு ஒரு ரவுண்டு 60 விநாடி. அவர் நினைத்திருந்தால் ஒரு ரவுண்டை அதைவிட எவ்வளவோ வேகமாக ஓடியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. பத்தும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து 61க்கு வந்தார். அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு முயன்றும் 61க்குக் கீழே வரவில்லை. சரி என்று பயிற்சியை விட்டுவிட்டு ஸ்காட்லாந்துக்கு மலை ஏறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59 வந்தது.

இதைக் கேட்ட வயதில் எனக்கு மலை ஏறியதுதான் பெரிதாகத் தெரிந்தது. இப்போது அந்தப் பத்தும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்றதுதான் கண்ணில் படுகிறது. என் பிள்ளைகளிடமும் முதல் ரவுண்டையும் கடைசி ரவுண்டையும் மட்டும்தான் கேட்பேன். இரண்டுக்கும் இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய வேகம் தப்பு.

200 பற்றி நான் சொன்னதை மட்டும் விடமாட்டேன். ஈஸி ஓட்டம் முடிந்ததும் ஆறு ஸ்ட்ரைட்ஸ், அதாவது கால் விரித்து வேகமாக ஓடும் குட்டை ஓட்டம், ஒவ்வொன்றும் 20 விநாடி, நடுவில் நடந்து திரும்பி வரலாம். காலும் விரியும், களைப்பும் சேராது.

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஜூன் 9, இரவு 9:05

ஐயா, ஸ்ட்ரைட்ஸ் விஷயத்தில் முழு உடன்பாடு. டேனியல்ஸும் அதை விடச் சொல்லவில்லை.

---

ஸ்கார்பரோ_பனி · ஜூன் 10, அதிகாலை 5:55

கனடாவில் இருந்து எழுதுறன். எங்களுக்கு டிசம்பர் தொடக்கம் மார்ச் வரை வெளியில் வேகப் பயிற்சி செய்ய ஏலாது, ரோட்டெல்லாம் ஐஸ். அதனால் ட்ரெட்மில்தான். அதிலை ஒரு நன்மை இருக்கு: வேகத்தை நீங்கள் கூட்ட ஏலாது. மணிக்கு 12.8 என்று போட்டால் கி.மீ.க்கு 4:41, கடைசி வரைக்கும் அதேதான். முதல் இரண்டு நிமிடம் 'இது காணாது' என்று மனம் சொல்லும். நாலாவது ரிப்பீட்டிலை அதே வேகத்திலை ஒரு சொல்லும் கதைக்க ஏலாமல் போகும். சரியான வேகம் தொடக்கத்திலை எவ்வளவு லேசாகத் தெரியும் என்று எனக்கு விளங்கினது அந்த மெஷினிலைதான். வெளியிலை காற்று இருக்கும், அதுக்காக ஒரு சதவீதம் சாய்வு போட்டுக்கொள்ளுவன்.

---

தரமணி_ரன்னர் · ஜூன் 30, காலை 7:50

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். காலைக் காட்டினேன். எலும்பில் விரிசல் இல்லை, வீக்கம்தான் என்றார் மருத்துவர். இரண்டு வாரம் ஓடவில்லை, சைக்கிள் மட்டும். மூன்றாவது வாரம் மெதுவாக ஓடினேன், வலி இல்லை.

ஜனவரியில் ஓடிய நேரத்தை வைத்து ஜூனில் வேகம் போடக் கூடாது என்று நினைத்து, நேற்று காலை 5 மணிக்குத் தனியாக 5 கி.மீ. ஓடினேன். 25:20 வந்தது. கி.மீ.க்கு 5:04. ஜனவரியைவிட ஒரு நிமிடத்துக்கு மேல் அதிகம். நிறுத்தி வைத்ததால் போனதா, இந்தப் புழுக்கத்தால் போனதா என்று புரியவில்லை. ஓடி முடிக்கும்போது ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்றது, எல்லாம் வியர்வை. இப்போது 24:10ஐ வைத்துக் கணக்குப் போடுவதா, 25:20ஐயா?

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஜூன் 30, காலை 9:15

25:20. சந்தேகமே வேண்டாம். இன்றைய உடம்பு, இன்றைய காற்று, இரண்டும் சேர்ந்து கொடுத்த எண் அது. பயிற்சியையும் அதே உடம்பை வைத்து அதே காற்றில்தானே செய்யப் போகிறீர்கள்?

புழுக்கம் சின்ன விஷயம் இல்லை. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். சென்னைக் காலையில் காற்றே ஈரமாக இருப்பதால் அது காயாமல் வழிந்துபோகிறது. உடம்பு குளிர்வதற்காக ரத்தத்தைத் தோலுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது, காலுக்குப் போவது குறைகிறது. நான் வேலை விஷயமாக மாதம் ஒரு தடவை சென்னை வருவேன். கோவையில் 4:40இல் ஓடும் அதே உழைப்புக்கு அங்கே மே, ஜூனில் 4:52, 4:53தான் வரும். முதல் தடவை அதை ஏற்க மனம் வராமல் 4:40ஐப் பிடிக்கப் போய், மூன்றாவது கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இப்போதைக்கு த்ரெஷோல்ட் கி.மீ.க்கு 5:20. வாரம் ஒரு நாள், 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் ஜாக், இப்படி நான்கு முறை. ஜூலை முழுக்க இது மட்டும் போதும். ஆகஸ்டில் இன்டர்வெல் சேர்க்கலாம், கி.மீ.க்கு 4:55.

---

வைகைக்கரை · ஜூன் 30, மாலை 5:00

புழுக்கம் அதிகமான நாளில் அந்த 5:20ஐயும் மறந்துவிட்டு வாய்ப்பாட்டுக்கு வந்துவிடுங்கள், தம்பி. ஒரு வரிக்கு ஒரு மூச்சு. கடிகாரம் 5:30 காட்டினாலும் உடம்புக்கு அது த்ரெஷோல்ட்தான்.

---

புதுக்காலணி · ஜூலை 2, காலை 6:35

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் முழு மாரத்தான் 3:50க்கு முயல்கிறேன். 800 மீட்டரை 3 நிமிடம் 50 விநாடியில் பத்து முறை ஓடினால் மாரத்தான் 3 மணி 50 நிமிடம் வரும் என்கிறார்களே, உண்மையா?

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஜூலை 2, காலை 8:00

அது 'யாசோ 800'. அமெரிக்காவில் பார்ட் யாசோ என்பவர் தன் பயிற்சிக் குறிப்புகளில் இந்த ஒற்றுமையைக் கவனித்து, அவர் பெயரிலேயே பரவியது. பயிற்சிக்கான வேகம் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை, 800 மீட்டருக்கு 3:50 என்பது கி.மீ.க்கு 4:47, மாரத்தான் 3:50 ஓடுபவரின் இன்டர்வெல் வேகத்துக்குக் கிட்டத்தில்தான் வருகிறது. ஆனால் அதை ஆரூடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து 800 ஓடி முடித்தவருக்கு 32ஆவது கிலோமீட்டரில் என்ன நடக்கும் என்பதை அந்தப் பயிற்சி சொல்லாது. நீண்ட ஓட்டம் போதாமல் இதை மட்டும் முடித்துவிட்டு, இலக்கைவிடப் பத்து, பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தவர்களை எனக்கே தெரியும்.

---

தரமணி_ரன்னர் · ஆகஸ்ட் 25, காலை 8:05

இரண்டு மாதக் கணக்கைக் கொடுத்துவிடுகிறேன், கடனைத் திருப்புவது மாதிரி.

ஜூலையில் நான்கு வாரம் த்ரெஷோல்ட். முதல் நாள் 5 நிமிடம் முடிந்ததும், ஏதோ தப்பாகச் செய்கிறோமோ என்று தோன்றியது, அவ்வளவு லேசு. நான்காவது 5 நிமிடத்தில்தான் புரிந்தது. வாய்ப்பாட்டில் 'ஐயேழு' வரைக்கும் வந்தேன், 'முப்பத்தஞ்சு' அடுத்த மூச்சில்தான் வந்தது. ஆனால் கால் தளரவில்லை. வீட்டுக்கு வந்து படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை, ஏப்ரலிலிருந்து முதல் தடவை.

அந்தக் குழு ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டேன். அதே டிராக், அதே நேரம், ஆனால் நான் தனியாக. முதல் வாரம் அவர்கள் என்னைக் கடந்து போகும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவர் 'என்ன பாஸ், உடம்பு சரியில்லையா?' என்று கேட்டுக்கொண்டே போனார். கடிகாரத்தைப் பார்த்தேன், 32. அந்த 100 மீட்டருக்கு எனக்கு வேண்டியது அதுதான். அப்படியே போனேன்.

வார ஓட்டம் இப்போது 50 கி.மீ. ஞாயிறு நீண்ட ஓட்டம் 18. வலி இல்லை. ஸ்ட்ரைட்ஸ் வாரம் இரண்டு நாள், ஐயா சொன்ன மாதிரி.

இன்று காலை முதல் முறையாக 4 × 1000. இலக்கு 4:55, நடுவில் மூன்று நிமிடம் ஜாக். வந்தது: 4:56, 4:54, 4:55, 4:53. நாலாவது முடிந்து கோட்டைத் தாண்டியபோது இன்னொன்று ஓடலாம் என்று இருந்தது. ஓடவில்லை. டிராக்கில் ஒரு வேலையை முழுதாக முடித்தது எனக்கு இதுதான் முதல் தடவை. எழுதும்போதே கை கொஞ்சம் நடுங்குகிறது.

---

வைகைக்கரை · ஆகஸ்ட் 25, காலை 8:40

அந்த ஐந்தாவதை ஓடாமல் வந்தீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. கண்ணு பட்டுவிடப் போகிறது, தம்பி.

---

பழைய_ஸ்பைக்ஸ் · ஆகஸ்ட் 25, காலை 11:20

4:56, 4:53. மூன்று விநாடி. என் கணக்குக்கு ஒன்று அதிகம், ஆனால் கடைசிதான் வேகமாக வந்திருக்கிறது, அதனால் விட்டுவிடுகிறேன். செப்டம்பரில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன். எந்த டிராக், எத்தனை மணிக்கு என்று சொல்லு, ஸ்டாப் வாட்சோடு வருகிறேன். கை வீச்சையும் ஒரு தடவை பார்த்துவிடலாம்.

---

தரமணி_ரன்னர் · ஆகஸ்ட் 25, பகல் 1:10

கண்டிப்பாக வாருங்கள் ஐயா. காலை 5:15க்கு வார்ம்-அப் ஆரம்பிப்பேன். முகவரியைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கோவை அண்ணா, 5 கி.மீ.யை மறுபடி எப்போது ஓடிப் பார்க்கலாம்?

---

ரேஸ்கோர்ஸ்_கோவை · ஆகஸ்ட் 25, பகல் 2:30

செப்டம்பர் கடைசி வாரம். அதுவரை 4:55ஐத் தொடாதீர்கள். இதே வேகம் இன்னும் நான்கு வாரம் ஓடட்டும். புது 5 கி.மீ. நேரம் வந்த பிறகு வேகத்தை மாற்றலாம். ஐயா வரும் நாளிலேயே அதை வைத்துக்கொண்டால் ஸ்டாப் வாட்சுக்கும் ஆள் ஆயிற்று.